சாமிராசு குடித்த தண்ணி

தூத்துக்குடியில் ஐஸ் பேக்டரிக்குப் பின்பக்கம், அடிபம்பில் தொடங்கி டிரான்ஸ்பார்மரில் முடிகிற சங்குக் காலனியில், அந்த வருசம் ஆடி கழிந்ததிலிருந்து கார்த்திகை பிறக்கிறவரை குடித்த ஒருத்தருக்கும் போதை ஏறவில்லை. ஏன் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "புஷ்பம் வீட்டு டிவியில ஒருத்தன் இருந்தான், அவன் எல்லாருக்கும் சேத்துக் குடிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு, அந்த வருசம் மழை நேரத்துக்குப் பெய்தது என்று சொல்கிற அதே குரலில் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

புஷ்பம் என்றால் தங்கபுஷ்பம். முப்பத்தெட்டு வயசு. இறால் கம்பெனியில் தோலுரிக்கிற வேலை. காலை ஆறு மணிக்கு மேசைமுன் நின்றால் மதியம் இரண்டு மணிவரை ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டுத் தலையைத் திருகுவாள், ஓட்டைக் கழற்றுவாள், முதுகு நரம்பை உருவுவாள், பக்கத்தில் நிற்பவளோடு பேசிக்கொண்டே மூன்று மூச்சுக்கு ஒரு இறால் என்று கூடையை நிரப்புவாள். அவள் புருசன் சித்திரைவேல் லேத் பட்டறையில் இரும்பு கடைகிற வேலைக்காரர். விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் கடைவதில் அவர் கை மாதிரி துறைமுகத்தில் இன்னொரு கை இல்லை என்று ஒரு காலத்தில் பேர் வாங்கியவர். ஐந்து வருசமாக அந்தக் கை நடுங்கியது. காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கும், சாயங்காலம் இரண்டு மடக்கு உள்ளே போனதும் நிற்கும். நிற்பதற்காகக் குடித்தார், குடித்ததால் நடுங்கினார், நடுங்கியதால் பட்டறை முதலாளி அவரை லேத்திலிருந்து எடுத்து இரும்புத்தூள் கூட்டுகிற வேலைக்கு மாற்றினார். சித்திரைவேல் அடிக்கிற ஆளில்லை. அழுகிற ஆளுமில்லை. குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில், தன்னைப் பார்க்காத மனுசன் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் அப்படி என்னத்தைப் பார்க்கிறார் என்று புஷ்பத்துக்குக் கல்யாணமான பதினேழு வருசத்தில் பாதி வருசம் யோசனையிலேயே போயிற்று.

புஷ்பத்தின் தம்பி ராசையா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஆடியில் ஊருக்கு வந்தவன் கிளம்பும்போது ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் டிவியில் மாட்டினான்.

"யக்கா, இது கேம் பெட்டி. அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கிடுதேன். சும்மா கெடந்தா உப்புக்காத்துல துருப்பிடிச்சிரும். அப்பப்ப ஓட்டிக்கிட்டு இரு."

"எனக்கு என்னடே தெரியும் இதெல்லாம்?"

"ஒண்ணுமில்ல. இந்தா நிக்கானே, இவன் சாமுராய். வாள்சண்டைக்காரன். ஏழு பாலம் தாண்டி வீட்டுக்குப் போணும். ஒவ்வொரு பாலத்துலயும் ஆளுவ மறிப்பானுவ. அடிபட்டான்னா இந்தச் செவப்புக் கோடு குறையும். இடுப்புல சுரைக்குடுக்கை தொங்குதுல்லா, அதுல சாராயம். இந்த வட்டப் பொத்தான அமுக்குனா ஒரு மடக்கு குடிப்பான், கோடு ஏறிரும். ரெண்டு தடவ அமுக்குனா குடிச்சத வாள் மேல ஊதுவான், வாள் தீப்பிடிச்சிரும். ஆனா ரொம்ப அமுக்காத. தள்ளாட ஆரம்பிச்சிருவான்."

"சண்டைக்குப் போறவனுக்குச் சாராயமா? வெளங்குனாப்லதான்" என்றாள் புஷ்பம்.

தம்பி கப்பலேறிப் போய் ஒரு வாரம் பெட்டியைத் துடைத்து மட்டும் வைத்தாள். பிறகு ஒரு நாள், சித்திரைவேல் சுவரைப் பார்க்கத் தொடங்கியதும், அவள் டிவியைப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் அவன் பத்தடி நடக்குமுன் செத்தான். பிறகு முதல் பாலத்தில் செத்தான். பிறகு அவளுடைய கட்டைவிரல்கள் வழியைப் பிடித்துக்கொண்டன. இறாலின் ஓடு எங்கே விலகும் என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிகிறமாதிரி, எதிராளியின் வாள் எங்கே விலகும் என்று அவள் விரலுக்குத் தெரிந்தது.

மூன்றாவது பாலத்தில் அது நடந்தது. மணி ஆறு இருக்கும். முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பாலத்தில் ஐந்து பேர் அவனை மடக்கி, சிவப்புக் கோடு நூலாகிவிட்டது. அதுவரை அவள் வட்டப் பொத்தானைத் தொட்டதில்லை, கோபத்தில் தொடவில்லை. அன்றைக்கு, இவனாவது சாகாமல் இருக்கட்டும் என்று அமுக்கினாள். அவன் குடுக்கையைத் தூக்கி நீளமாகக் குடித்தான். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்திரைவேல் தன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னது இது? தண்ணி தண்ணியா இருக்கு?"

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் இருந்தது. மூடியை முகர்ந்தார். மறுபடி ஊற்றினார். அவள் மறுபடி அமுக்கினாள். இப்படியே அவர் ஒரு பாட்டிலை முடித்தார், சாமுராய் ஐந்து பேரை முடித்தான். குளித்துவிட்டு வந்த ஆள் மாதிரி சித்திரைவேல் தெளிவாக உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை. மெல்லத் திரும்பி, பெண்டாட்டியின் முதுகையும் அதற்கப்பால் டிவியில் பனியில் நடந்துபோகிற ஒரு மனுசனையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் கை நடுங்கவில்லை. டீ டம்ளரை ஒரு கையால் எடுத்தார், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார், கீழே வைத்தார். அடுப்படியிலிருந்து புஷ்பம் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று இரண்டு பேருக்குமே ஒரு பயம்.

ஆனால் இறால் மேசையில் பேச்சு வந்துவிட்டது. எங்க வீட்டுல நேத்து ஏறல என்று ஒருத்தி சொன்னாள். எங்க வீட்டுலயும் ஏறல, முழுசும் குடிச்சிட்டுப் பிள்ளைக்குத் தலை வாரி விட்டாரு என்று இன்னொருத்தி சொன்னாள். மூன்றாமவள் தன் புருசன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடியில் எழுதியிருந்ததை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தார் என்றாள். புஷ்பம் கையிலிருந்த இறாலை முடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். யாரும் ஆவென்று வாயைப் பிளக்கவில்லை. பக்கத்து வீட்டு உலகம்மாள் மட்டும் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி புஷ்பம், எத்தன மணிக்கு ஓட்டுன?"

"ஆறு மணிக்குக்கா."

"எங்க வீட்டு மனுசன் நாலு மணிக்கே ஆரம்பிச்சிருவாரு. நாளைக்கு நான் வாரேன். எனக்கும் சொல்லிக்கொடு."

அப்படித்தான் முறை வைத்து ஆடுவது வந்தது. முதல் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் மூன்று மணிமுதல், வீட்டு வேலை முடித்து வருகிறவர்கள் ஆறு மணிமுதல் என்று சங்குக் காலனியின் இருபத்தாறு வீட்டுப் பெண்களும் புஷ்பத்தின் வீட்டுக்கு வந்து, காலை மடக்கி உட்கார்ந்து, ஐஸில் ஊறி வெளுத்த விரல்களால் சாமுராயை நடத்திச் சென்றார்கள். சாமுராய் என்ற பேர் அவர்கள் வாயில் இரண்டு நாள் தங்கவில்லை, சாமிராசு ஆகிவிட்டது. சாமிராசு எங்க நிக்கான், சாமிராசுக்கு அடி எதுவும் படலியே என்று தெருவில் விசாரித்துக்கொண்டார்கள். ஒருத்தி டிவிக்கு மேல் கதம்பம் வைத்தாள். புஷ்பம் எடுத்துவிட்டாள். "சாமி இல்ல மதினி அது, வேலைக்குப் போற ஆளு" என்றாள்.

ஆண்கள் முதலில் கடையில் போய்ச் சத்தம் போட்டார்கள். பிறகு சரக்கை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு வேறு கடைக்குப் போய் அங்கேயே குடித்துப் பார்த்தார்கள். அங்கே நன்றாகத்தான் ஏறியது, ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற மனுசன் டிரான்ஸ்பார்மரைத் தாண்டிக் காலை வைத்ததும் பாட்டு நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நடந்துவந்தான். சில பேர் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்தார்கள். அங்கே சாக்கடை, கொசு, நாய். ஒரு போதைக்காக எத்தனை நேரம் நிற்பது? கரண்டு போனால் மட்டும் தெருவே பரபரக்கும். டிவி அணைந்த அந்த அரைமணி நேரத்துக்குள் குடித்துத் தீர்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு வீடு மூடி திறக்கிற சத்தம் கேட்கும். கரண்டு வந்ததும் எல்லாம் இறங்கிவிடும். புரட்டாசிக்குள் அவர்களுக்குப் பழகிப்போயிற்று. ஏறாது என்று தெரிந்தும் சாயங்காலமானால் ஊற்றிக் குடித்தார்கள், ஏறாத சாயங்காலங்களில் செய்வதற்கு எதையாவது தேடினார்கள். அடிபம்பின் ஒடிந்த கைப்பிடியைப் பற்றவைத்தார்கள். ஒருத்தர் தன் மூத்த மகளின் கன்னத்தில் மச்சம் இருப்பதைக் கண்டு இது எப்போது வந்தது என்று கேட்டார்; பிறந்ததிலிருந்தே இருக்குப்பா என்றாள் அவள். சித்திரைவேலைப் பட்டறை முதலாளி மறுபடி லேத்தில் நிறுத்தினார். பழைய கை திரும்பிவிட்டது என்று துறைமுகத்தில் பேச்சானது.

இருபத்தாறு வீட்டுக் குடியும் இப்படி ஒரே வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசியில் சாமிராசு ஆறாவது பாலத்தருகே வந்தபோது மாற்றம் தெரிந்தது. முதலில் முகம் உப்பியது. பிறகு கால் உப்பி, வைக்கோல் செருப்பின் வார் சதைக்குள் பதிந்தது. ஆடாமல் விட்டால் முன்பெல்லாம் நின்றபடி சுற்றுமுற்றும் பார்ப்பான், இப்போது உட்கார்ந்துவிட்டான். எழுப்பினால் வாளை ஊன்றி எழுந்தான். ஒரு நாள் பாலத்துக்குக் கீழே குனிந்து வாந்தியெடுத்தான், அப்புறம் கையால் வாயைத் துடைத்துவிட்டு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தான். அந்தத் திரும்பலில் அவன் கண்ணைப் புஷ்பம் பார்த்தாள். வெள்ளை முழுக்க மஞ்சள் கரைத்த தண்ணீராக இருந்தது.

கப்பலிலிருந்து போன் பேசிய தம்பியிடம் சொன்னாள்.

"கேம்ல அப்படிலாம் கிடையாதேக்கா. வயரு லூசா இருக்கும். கழத்தி மாட்டு."

கழற்றி மாட்டினாள். மஞ்சள் அப்படியே இருந்தது.

மறுநாள் மதியம், மற்றவர்கள் வருமுன், அவனை மெல்ல நடத்திப் பாலத்தின் முனைக்குக் கொண்டுபோனாள். காவலுக்கு ஒரே ஒருத்தன், சின்ன ஆள். சாமிராசு வாளை உருவினான். கை நடுங்கியது. வாள் நழுவிப் பனியில் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. அப்போது அவன் தன் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். புஷ்பம் அந்தப் பிடியை அறிவாள். ஐந்து வருசம் காலைதோறும் டீ டம்ளரைத் தூக்குவதற்கு ஒரு மனுசன் அப்படித்தான் தன் கையைத் தானே பிடித்துக்கொள்வார். அவள் பார்க்காததுபோல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்போது திரும்பிக்கொள்ள இடமில்லை. அவனைச் சண்டையிலிருந்து பின்வாங்க வைத்து, வழியோரக் கஞ்சிக்கடைக்கு நடத்தினாள்.

"சாப்புடுய்யா" என்றாள். "ரெண்டு வாயாவது சாப்புடு."

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். கோடு ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து அவனைக் காட்டினாள். பல பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாத நோய் இல்லை அது.

"இனி அமுக்க வேண்டாம்னு நெனைக்கேன்" என்றாள் புஷ்பம். "அமுக்க அமுக்க இவன் செத்துக்கிட்டிருக்கான்."

உலகம்மாள் எழுந்து நின்றாள். அவளுடைய இடது புருவத்தில் தையல் போட்ட தடம் உண்டு; அவள் புருசன் பரமார்த்தலிங்கம் போட்ட தடம்.

"இவன் யாருட்டி? எந்த ஊரு? நமக்கு என்ன உறவு? மூணு மாசமா எங்க வீட்டுல ஒரு பானை நசுங்கல. எம்பிள்ளைய ரெண்டும் கதவு சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போய் ஒளியுறது நின்னுருக்கு. உனக்கென்ன, உன் வீட்டு மனுசன் குடிச்சாலும் கைய நீட்ட மாட்டாரு. நீ தாராளமா இரக்கப்படலாம்."

உலகம்மாள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"பொம்மைதான அது" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். சொன்னவளே பிறகு டிவியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

முடிவு எதுவும் எடுக்காமல் எல்லாரும் கலைந்தபிறகு, அடுப்படி நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த சித்திரைவேல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். சாமிராசு ஒரு மரத்தடியில் சாய்ந்து, கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து அமுக்கி வைத்திருந்தான்.

"அந்த நடுக்கத்த எங்கயோ பாத்திருக்கேன்" என்றார்.

"உங்க நடுக்கந்தான்."

"தெரியுது."

பிறகு கேட்டார். "திருப்பி வாங்க முடியுமா?"

"எத?"

"என் நடுக்கத்த. எனக்குள்ளத நான் வச்சுக்கிடுதேன். அவன் வீட்டுக்குப் போட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு? கை போயிரும். மறுபடி தூள் கூட்டச் சொல்லிருவாங்க."

"சொல்லட்டும்." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரெல்லாம் நான் குடிய விட்டுட்டேன்னு நெனைக்கி. நான் விடல புஷ்பம். தெனமும் ஊத்தித்தான் குடிச்சேன். இன்னைக்காவது ஏறுமான்னு பாத்துத்தான் குடிச்சேன். ஏறல, அவ்வளவுதான். இந்தக் கை நிக்கிது, ஆனா நான் நிப்பாட்டுன கை இல்ல. அவன் நிப்பாட்டுனது." மூச்சை விட்டார். "அதோட, நீ அவங்கிட்ட சாப்புடுய்யா சாப்புடுய்யான்னு பேசுத. எங்கிட்ட அப்படிப் பேசி எத்தன வருசமாச்சு தெரியுமா?"

புஷ்பம் அவரைப் பார்த்தாள். பொறாமை என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. பசி.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் உலகம்மாள் வீட்டுக்குப் போனார்கள். சித்திரைவேல் வாசலில் நின்றபடியே சொன்னார். "உலகம்மா, கார்த்திகை ஒண்ணாந்தேதியில இருந்து இவ பொத்தான அமுக்க மாட்டா. அன்னைக்கே நீயும் பிள்ளைங்களும் எங்க வீட்டுக்கு வந்திருங்க. ஒரு நாளுக்கு இல்ல, எத்தன நாளானாலும். பரமார்த்தலிங்கம் வந்தான்னா என்னைத் தாண்டித்தான் வரணும்."

"உங்களுக்கே கை ஆடும்லாண்ணே அப்ப" என்றாள் உலகம்மாள்.

"ஆடும். ஆடுனாலும் நிப்பேன்."

உலகம்மாள் பிள்ளைகளைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து உதறினாள்.

தெரு முழுக்கச் சொல்லப்பட்டது. ஆண்கள் சண்டைக்கு வரவில்லை. ஒருத்தர் பெண்டாட்டி ஊருக்குப் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சில பேர் வரட்டும் பார்ப்போம் என்றார்கள். நான்கு பேர் சித்திரைவேலோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "குடிச்சது நேத்து. ஏறுனது ஆடியில" என்று சித்திரைவேல் சொன்னார். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, மாத்திரை கொடுத்து, நடுக்கமோ வலிப்போ அதிகமானால் உடனே தூக்கி வாருங்கள் என்று புஷ்பத்திடம் சொல்லி அனுப்பினார்.

கார்த்திகை பிறந்தது. புஷ்பம் வட்டப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள், சித்திரைவேல் பாட்டிலைத் தொடவில்லை. சாயங்காலமானால் மாடுகள் தம்தம் தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி, இருபத்தாறு வீட்டு நடுக்கமும் சாமிராசுவை விட்டுக் கிளம்பி அவரவர் வீட்டை அடையாளம் கண்டு வந்து சேர்ந்தது. சித்திரைவேலுடையது மதியம் நான்கு மணிக்கு வந்தது. மோர் குடித்துக்கொண்டிருந்தார், டம்ளர் பல்லில் தட்டியது. வந்திருச்சு என்றார், எதிர்பார்த்த விருந்தாளியைச் சொல்கிறவர் மாதிரி. மறுநாள் வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்றார். புஷ்பம் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்து, எறும்பு இல்லை என்று சொல்லாமல், ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைத்துக் காட்டினாள். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். "சாப்புடுங்க. ரெண்டு வாயாவது" என்றாள். அவர் அவளையே பார்த்தபடி வாயைத் திறந்தார்.

டிவியில் சாமிராசு ஒரு குடிசைக்குள் கணப்பருகே உட்கார்ந்திருந்தான். அவனை அவள் எங்கும் நடத்தவில்லை. நாளுக்கு நாள் அவன் கண்ணில் மஞ்சள் குறைந்தது. செருப்பின் வார் தளர்ந்தது. அவனுக்கும் புருசனுக்கும் நடுவில் பாய் விரித்து அவள் படுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் சாயங்காலம் பரமார்த்தலிங்கம் வந்தான். மூன்று மாதப் போதையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டவன் மாதிரி வந்தான். வாசலில் நின்று உலகம்மாளைப் பேர் சொல்லிக் கத்தினான். பிள்ளைகள் கட்டிலைத் தேடின. சித்திரைவேல் சுவரைப் பிடித்து எழுந்தார். நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார். அவர் நடுங்கிய நடுக்கத்தில் கதவின் தாழ்ப்பாள் கடகடவென்று சத்தம் போட்டது.

"தள்ளுங்க. ஒங்களால நிக்கவே முடியல."

"முடியலதான்" என்றார் சித்திரைவேல். "ஆனா நிக்கேன்லா? நீ அடிச்சா விழுந்துருவேன். திரும்ப எந்திச்சு இங்கனதான் நிப்பேன்."

அவருக்குப் பின்னால் புஷ்பம் வந்து நின்றாள். அதற்குள் அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் அரைவட்டமாக நின்றார்கள். பரமார்த்தலிங்கம் திரும்பிப் பார்த்தான், முன்னால் பார்த்தான். தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டான். பிறகு டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நடந்துபோனான். அவன் திருந்தவில்லை. உலகம்மாள் அவனிடம் திரும்பிப் போகவுமில்லை. அடுத்த மாதமே அதே தெருவில் வேறு வீடு பார்த்துக்கொண்டு, பிள்ளைகளோடு இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள்.

மற்றவர்கள் கதை பலவிதம். ஆஸ்பத்திரிக்குப் போன நான்கு பேரில் இரண்டு பேர் தேறினார்கள். மச்சத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு வாரம் தாக்குப்பிடித்து, குடித்து, மறுபடி ஒரு வாரம் தாக்குப்பிடித்து, அப்படியே கூட்டிக்கொண்டு போகிறார். பெண்டாட்டி ஊருக்குப் போனவர் அங்கேயே குடித்துவிட்டு வந்தார்.

பதினோராம் நாள் சாமிராசு தானாக எழுந்து நின்றான். புஷ்பம் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆறாவது பாலத்தைக் கடந்து ஏழாவது பாலத்துக்கு அவனைக் கொண்டுபோகிறாள் என்று தெரிந்ததும் தெருப்பெண்கள் முழுக்க வந்துவிட்டார்கள். உலகம்மாள் யாரையும் பார்க்காமல் முன்னால் வந்து, புஷ்பத்தின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். சித்திரைவேல் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தார்.

பாலத்தில் ஒரு மலைபோன்ற ஆள், இரும்புத் தடியோடு. முதல் அடியிலேயே சாமிராசு தூக்கி எறியப்பட்டான். சிவப்புக் கோடு பாதியானது. எழுந்தான், வெட்டினான், அடி வாங்கினான். கோடு நூலானது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வட்டப் பொத்தான் ஞாபகம் வந்தது.

"அமுக்கு புஷ்பம், செத்துருவான்" என்றாள் ஒருத்தி. "ஒரே ஒரு தடவ."

புஷ்பத்தின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்த உலகம்மாள் சொன்னாள். "அமுக்காதட்டி. அவன் கையப் பாரு."

கை நடுங்கவில்லை. வாளின் நுனிவரை அசையாமல், பனி வந்து அதன்மேல் உட்காருகிற அளவுக்கு நிலையாக இருந்தது.

தடி இறங்கியது. புஷ்பம் அவனை ஒரு விரற்கடை விலக்கினாள், அவ்வளவுதான், அதற்குமேல் தேவைப்படவில்லை. ஒரே வெட்டு. மலை சரிந்து ஆற்றில் விழுந்தது. யாரும் கத்தவில்லை. எல்லாரும் சேர்த்துப் பிடித்திருந்த மூச்சு மட்டும் வெளியே வந்தது.

பாலத்துக்கு அப்பால் ஒரு சந்து. கடைசியில் ஒரு வீடு. அவன் போய்க் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தவள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை, எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. ஓரடி முன்னால் வந்தாள். அவன் தோளைப் பிடித்தாள். முகத்தை அவன் வாயருகே கொண்டுபோய் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள்.

அது என்னவென்று அறையில் இருந்த ஒருத்திக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முத்தம் கொடுக்கிறவள் மாதிரி நெருங்கிப் போய், அந்த ஒரு மூச்சில் அன்றைய பொழுது எப்படிப் போகும், பிள்ளைகளை எங்கே படுக்க வைக்க வேண்டும், சோற்றை எடுத்து வைக்கலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறவர்கள் அவர்கள்.

அந்தப் பெண் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு கதவை விட்டு விலகி வழிவிட்டாள். சாமிராசு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பனி பெய்துகொண்டே இருந்தது.

பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். உலகம்மாள் போகும்போது புஷ்பத்தின் உச்சந்தலையில் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். சித்திரைவேல் சுவரை விட்டு நகர்ந்து அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கை இன்னும் லேசாக ஆடியது. அதை மறைக்காமல் மடியில் வைத்திருந்தார்.

"நீயும் பாக்கியா?" என்றார்.

வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் காத்திருந்தார். புஷ்பம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவர் முகத்தருகே கொண்டுபோனாள். மாத்திரைக் கசப்பும் மோரும் மணத்தது. பார்த்து முடித்த பிறகும் அவள் முகத்தை எடுக்கவில்லை.